ருசு

மூன்றாம் நிலைக்கு ஏறக்குறைய அறுநூற்றைம்பது எழுத்து.
என்னிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு.
அதில் நாற்பது, காலையில் இருந்தால் மாலையில் இல்லை.

வெள்ளவத்தையில் ஒரு பார்மசிக்கு மேல்மாடி,
சனிக்கிழமை இரண்டு மணி.
நிலூஷா சென்செய் யப்பான் மொழியைச் சிங்களத்தில் விளக்குவார்,
நான் தமிழில் குறித்துக்கொள்வேன்,
மின்விசிறி எல்லார் தாளையும் ஒரே மாதிரிப் புரட்டும்.
என் பெயர் எழில்மதி. அங்கே எரிருமாதி.
ழகரமும் லகரமும் ஒரே ரகரத்தில் போய் விழுகிற மொழி.
சம்பளத்தை நினைத்து
விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

困
பெட்டிக்குள் மரம். பொருள்: திண்டாட்டம்.
இதை மட்டும் நான் பாடமாக்கவில்லை.
கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முனையில்
நாலு மதிலுக்குள் ஒரு கொட்டங்காய் மரம் நிற்கிறது.
மின்சார சபை வருஷத்துக்கு இரண்டு தரம் வந்து
தலையை வெட்டிவிட்டுப் போகும்.

辞
இடப்பக்கம் நாக்கு, வலப்பக்கம் உறைப்பு.
சேர்ந்தால் சொல்; அகராதியில் இருக்கிற சொல்.
அதே எழுத்துக்கு ஒரு வாலைக் கட்டிவிட்டால்
வேலையை விடுதல்.
ஆமர் வீதி டைல்ஸ் கடையில்
பில் புத்தகத்தின் பின்மட்டையில் இருபது தரம் எழுதினேன்.
முதலாளி எட்டிப் பார்த்தார்.
"என்ன பிள்ளை, கோலமா?"
"ஓம் சேர்."
நாக்கு மட்டும்தான். உறைப்பு இல்லை.

留守
தங்கு. காவல்.
தங்கிக் காவல் இருத்தல் என்று எழுதிக் கொடுத்தேன்.
சிவப்புப் பேனை.
பொருள்: வீட்டில் ஆள் இல்லை.
வாசிப்பு: ருசு.

கையைத் தூக்கினேன்.
எங்கள் பாஷையில் ருசு என்றால் அத்தாட்சி,
கோட்டில் காட்டுகிறது, என்று சொல்ல வந்து
சிங்களத்தில் சொல் கிடைக்காமல் கையை இறக்கினேன்.
பக்கத்தில் இருந்த ரிஸ்மினா மட்டும் வாயைப் பொத்திச் சிரித்தாள்.
அவள் ஒசாகாவில் வயோதிபர்களைக் குளிப்பாட்டப் போகிறவள்.

உள்ளே இருந்துகொண்டே இல்லையென்று காட்டுவதற்கும்
சொல் இருக்கிறதாம்.
முன்னால் இன்னொரு எழுத்தைச் சேர்த்தால் போதும்:
இருசு.
யாரும் கூப்பிடாமலே ஒரு 'இரு'
வந்து முன்வரிசையில் குந்திக்கொண்டதைப் பார்த்து
நூற்றைம்பத்தைந்தாம் பஸ்ஸில் வீடு வரும்வரை
தனியே சிரித்தேன்.

செவ்வாய். விடிய ஏழு மணி.
லீசிங் பொடியன் கதவைத் தட்டினான்.
நாலு மாதத் தவணை.
"தாத்தா கெதர இன்னவத?"
சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா.
அப்பா குசினிக்குள், அகப்பையைப் பிடித்தபடி,
கறி அடிப்பிடிக்க அடிப்பிடிக்க அசையாமல் நின்றார்.
ஓட்டோவை இருட்டோடு இருட்டாக
மட்டக்குளியில் மாமா வீட்டில் விட்டாயிற்று.
அம்மா ரேடியோவின் வாயை அமத்தினாள்.
பிரஷர் குக்கர் மட்டும் ஒருவரையும் கேளாமல்
நீளமாய் ஒரு விசில்.

நான் கட்டிலில், கொப்பியோடு.
தங்கு: பத்துக் கீறு.
காவல்: ஆறு கீறு.
எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன்.
மூன்றாம் தரத்தின் பதினோராவது கீற்றில்
அவன் படியிறங்கும் சத்தம் கேட்டது.

அரை மணித்தியாலம் கழித்து அப்பா கதவைத் திறந்தார்.
வாசலில் வரிசையாய்
எங்கள் மூன்று சோடிச் செருப்பு.

அவன் எண்ணியிருப்பான்.

அப்பாவின் இடது செருப்புக்குள்
ஒரு துண்டு நாலாய் மடித்துக் கிடந்தது.
கம்பனி முத்திரை. திகதி. நேரம் ஏழு பத்து.
கீழே நீலப் பேனையில் சிங்களத்தில்,
வந்தேன், வீட்டில் ஆள் இல்லை.
ஒப்பம்.

கொப்பியில் ஒட்டக் கேட்டேன்.
அப்பா தரவில்லை.
லைசென்சுக்குப் பின்னால் வைத்து
பர்ஸை மூடிக்கொண்டார்.